வேலாயுதம் பாஸும் மேரியின் கரவனும்

வேலாயுதம் பாஸ் இறந்த செய்தி வந்தபோது நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதும் துடித்து எழுந்தேன் என்று எழுதத்தான் ஆசை. எழவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். நடுவில் ஒரு தடவை குழம்பும் கேட்டு வாங்கினேன்.

போனில் சொன்னவர் மேரி. நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்.

"லிங்கம் அண்ணே, பாஸ் போயிட்டாருங்க."

"சும்மா வெளையாடாதீங்க மேரி."

"நான் எப்பங்க ஒங்ககூட வெளையாண்டேன்?"

அது உண்மை. மேரி என்னோடு விளையாடியதே இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

பாஸைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கைத்தொழில் தேர்ந்தவரை எங்கள் ஊரில் பாஸ் என்போம். பசறை வீதியில், நாங்கள் வேலை செய்த கராஜில் முப்பது வருடத்துக்கு மேல் வெல்டிங் செய்தவர் அவர். பஸ், லொறி, ட்ராக்டர் பெட்டி, கோயில் கேட், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் அவர் கைக்கு வந்திருக்கின்றன. ஒல்லியான மனிதர். கழுத்தில் தீப்பொறி விழுந்த தழும்புகள் கடுகு தாளித்ததுபோல இருக்கும். கராஜுக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒரு சிறிய அறையில் தனியாக இருந்தார். யாரையும் கை நீட்டி அடித்தவர் இல்லை. தேவைப்படவில்லை. அவருடைய வாயே போதும்.

நான் டிங்கரிங், பெயின்ட் வேலைக்காரன். ஐந்தாம் வகுப்போடு சரி. முப்பது வயதில் அந்தக் கராஜுக்குப் போனேன். போன முதல் மாதமே ஒரு பஸ்ஸின் அடிச் சட்டத்தில் இருந்த வெடிப்பைப் பூச்சுமாவு அடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, அழகாக மறைத்துவிட்டேன். பாஸ் பார்த்தார். பஸ்ஸை ஜாக்கியில் ஏற்றினார்.

"லிங்கம், அடியில படு."

படுத்தேன். ஏதோ காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பஸ்ஸுக்குள் ஏறி அங்கும் இங்கும் நடக்க ஆரம்பித்தார். இரும்பு மூக்குக்கு மேலே முனகியது.

"பாஸ், வெளிய வரட்டா?"

"ஏன், பயமா இருக்கா?"

"ஆமாங்க."

"சனத்துக்கும் அதே பயம்தான்டா இருக்கணும். நீ பெயின்ட் அடிச்சதால அதுகளுக்குத் தெரியல. படு. இன்னும் கொஞ்ச நேரம் படு."

ஒரு மணி நேரம் படுக்க வைத்தார். தேநீர் வந்தது. எனக்கு வந்ததையும் அவரே குடித்தார்.

வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் வருவார். ஒரு நாள் சேஸி வெடித்துப்போய் வந்து, மகளுக்குக் கல்யாணம், இன்றைக்கு மட்டும் ஓடினால் போதும், லேசாக ஒட்டிக் கொடுங்கள் என்று கும்பிட்டார். பாஸ் பெரிய சுத்தியலை எடுத்து அந்த வெடிப்பில் இரண்டு போட்டார். வாய் பிளந்த மாதிரி ஆகிவிட்டது.

"இப்ப ஓட்ட முடியாது. போய் மகளக் கட்டிக்குடுத்துட்டு வாங்க."

அந்த மனிதர் நடு ரோட்டில் நின்று மண்ணை அள்ளி வீசினார். "ஒன் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போவும்டா!" பாஸ் முகமூடியைப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

என் அம்மா இறந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். கராஜ் போனுக்குத்தான் செய்தி வந்தது. எடுத்தவர் பாஸ். நான் ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் வந்து மிச்சத்தை வெல்டிங் செய்து முடித்தார். தட்டிப் பார்த்தார். ஹோல்டரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "லிங்கம், அம்மா போயிருச்சாம்."

"எப்ப பாஸ் போன் வந்துச்சு?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"ஏங்க அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒன் கை நடுங்கியிருக்கும். தகடு கோணியிருக்கும். அம்மா காத்திருப்பாங்க. சூடு காத்திருக்காது."

பஸ்ஸில் போகும்போது அழுதேனா, அவரைத் திட்டினேனா என்று எனக்கு நினைவில்லை. இரண்டும் செய்திருப்பேன். அன்றிலிருந்து ஒரு ஆசை மட்டும் மனதில் இருந்தது. இந்த மனிதர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்புச் செய்ய வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். வருடக்கணக்காகக் காத்திருந்தேன். கேலி பேசியே வளர்ந்தவன் நான். கேலிக்கு இடம் கொடுக்காத ஆளோடு ஒரே கூரையில் வேலை செய்வது எனக்குப் பெரிய தண்டனை.

மேரி வந்தது போன மழைக்குப் பிறகு.

அந்த மழையில் மேரி இருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலை வெடித்துச் சரிந்தது. சுவர் விழுந்தது மேரியின் கணவர் அந்தோனிமேல். உயிர் தப்பினார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. லயத்தில் இனி யாரும் இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். கொஞ்ச நாள் பாடசாலை மண்டபம், பிறகு கூடாரம். மாற்றுக் காணி எப்போது என்று கேட்டால் வரும் வரும் என்றார்கள். முன்பு கொழுந்து நிறுக்கும் மடுவம் இருந்த சமதரையில் ஒரு குடிசையாவது போட்டுக்கொள்கிறோம் என்று மேரி தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்.

"தோட்டத்து மண்ணுல கல்லுமேல கல்லு வைக்கக் கூடாது. ஒரு தூண்கூட நடக் கூடாது. தொரை உத்தரவு."

"சில்லு வச்சது நிக்கலாமுங்களா?"

"என்னா?"

"சில்லு வச்ச வண்டிங்க. மண்ணுல நடமாட்டோம். சும்மா நிக்கும்."

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டு, வண்டி என்றால் நிற்கலாம், ஆனால் நகர்த்து என்று சொன்ன அன்றே நகர வேண்டும் என்றாராம். அவர் கேலிக்குச் சொன்னதை மேரி சட்டமாகப் பிடித்துக்கொண்டார். முன்பு வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தபோது இந்த மாதிரி வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். எல்ல பக்கம் ஒரு தங்குமிடத்தின் பின்னால் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன கரவன் ஒன்று புல்லுக்குள் கிடந்தது. வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வீடு. உள்ளே கட்டில், அலுமாரி, அடுப்புகூட உண்டு. அதை வாங்கி ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்தார். பதுளை தாண்டுவதற்குள் கரவனின் கதவு மூட மறுத்தது. பின்பக்கம் வாத்து மாதிரி தொங்கியது. எங்கள் கராஜுக்குத்தான் வந்து சேர்ந்தது.

பாஸ் அடியில் படுத்துப் பார்த்தார். சில்லுக்குப் பின்னால் நீளச் சட்டம் கீழ் விளிம்பிலிருந்து மேலே பாதிக்கு மேல் வெடித்திருந்தது.

"கதவுல ஒண்ணும் இல்ல தங்கச்சி. முதுகெலும்பு போயிருக்கு."

"வூட்டுக்காரருக்கும் அதேதாங்க, பாஸ் அண்ணே."

அதற்குச் சிரித்த ஒரே ஆள் நான்.

"இத எத்தன தடவ இழுப்பீங்க?"

"தோட்டத்துல நகரச் சொல்ற நேரமெல்லாம் இழுக்கணுமுங்க. அவர எறக்க ஏலாது. அவரு உள்ளயேதான் படுத்திருப்பாரு."

நமுனுகுல ரோட்டை எல்லாருக்கும் தெரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. அந்த வளைவில் சட்டம் விட்டுப்போனால் கரவனோடு அந்தோனியும் போவார்.

வேலை ஆரம்பித்தது. கரவனை நாலு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, வெடிப்பின்மேல் பாரமே இல்லாமல் செய்தார். பற்றரிக் கம்பியைக் கழற்றச் சொன்னார். உள்ளே தரைப் பலகையைப் பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரோடு என்னை உட்கார வைத்தார். வெள்ளைக்காரர் வண்டியில் இரும்பைத் தவிர எல்லாம் எரியும் என்றார். வெடிப்பு எங்கே முடிகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். இரும்பை வெள்ளையாகத் தேய்த்து, டீசல் தடவி, துடைத்து, மேலே சோக்குப் பவுடர் தூவுவார். வெடிப்புக்குள் போன டீசல் ஊறி வெளியே வரும். பவுடரில் கறுப்பு மயிர் மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு முடிகிற இடத்தில் ஒரு ஓட்டை போட வேண்டும். வெடிப்பு அந்த ஓட்டையில் வந்து நின்றுவிடும். ஓட்டை தவறினால் மேலே எத்தனை தகடு வைத்தாலும் அது உள்ளுக்குள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

நான் இறங்கி வந்து டார்ச் பிடித்தேன். பாஸ் முகத்தை இரும்புக்கு மிக அருகில் கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடினார். மற்றதை மூடினார். பிறகு ஓட்டை போட்டார்.

கோடு அந்த ஓட்டையையும் தாண்டி ஒரு நகக்கண் தூரம் போயிருந்தது. எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

நான் வாய் திறக்கவில்லை.

பயத்தால் இல்லை. மரியாதையால் இல்லை. சந்தோஷத்தால். இத்தனை வருடம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. அடியில் படுத்துக்கொண்டு எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிய அதைச் சொல்லி வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் அவர் வேலை செய்தார். வெடிப்பை வாய்க்கால் மாதிரி கிரைண்டரால் அரைத்து நிரப்பினார். இடித்துப்போட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இரும்பில் இரண்டு தகடு வெட்டினார். முனைகளை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினார். நேராக வெட்டினால் அந்தக் கோட்டிலேயே அடுத்த வெடிப்பு வருமாம். இரண்டு பக்கமும் தகடு வைத்து நீளவாக்கில் மட்டும் ஒட்டினார். குறுக்கே ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. நான் டார்ச் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் தேநீர் நேரத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். முதலாளி இருந்தார், பஸ் டிரைவர்கள் இருந்தார்கள், மேரி இருந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"பாஸ், நீங்க ஓட்டை போட்டது எந்த ஊரு வெடிப்புக்கு? நம்ம வெடிப்பு அந்தப் பக்கமாப் போச்சே! வெலிமடைக்காரன் விட்ட சாபம் புடிச்சிருச்சு போல."

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி சிரிக்காமல் பாஸின் கண்ணையே பார்த்தார்.

பாஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு தாண்டியிருக்கு?"

"ஒரு நகக்கண்ணு."

"எப்ப பாத்த?"

"ஓட்டை போடும்போதே பாத்தேன்."

"அப்பவே பாத்தியா?"

"ஆமாங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேரிதான் எழுந்து என் பக்கம் வந்தார். சத்தமே இல்லாமல் கேட்டார்.

"அண்ணே, அவரு உள்ள படுத்திருப்பாருன்னு ஒங்களுக்குத் தெரியுமில்லங்க?"

நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன். இப்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

பாஸ் அப்போதே கிரைண்டரை எடுத்தார். இரண்டு நாள் வேலையையும் அரைத்துத் தள்ளினார். தகடுகளைப் பெயர்த்தார். வெல்டிங் சூட்டில் வெடிப்பு இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தது. மறுபடி டீசல், மறுபடி பவுடர்.

"லிங்கம், கோடு முடியிற எடத்துல ஒன் நகத்த வை."

வைத்தேன்.

"எடுக்காத."

என் நகத்தைத் தடவிப் பார்த்து, அதன் ஓரத்திலேயே துளைக் கருவியை வைத்தார். கத்தினேன். நகத்தில் பாதி போய்விட்டது. அவர் ஓட்டையைப் போட்டு முடித்தார்.

"இப்ப சரியாத் தெரியுது."

தகடு வைத்து முடித்ததும் ஜாக்கிகளை இறக்கச் சொல்லிவிட்டு, அவர் போய் அடியில் மல்லாந்து படுத்தார். கராஜில் இருந்த அத்தனை பேரையும் கரவனுக்குள் ஏறிக் குதிக்கச் சொன்னார். முதலில் என்னை. பதினான்கு பேர் குதித்தோம். கதவு அழகாக மூடித் திறந்தது. மேரி வெளியே செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் முதலாளி பாஸைக் கூப்பிட்டு, கண் தெரியாத ஆளை வைத்து வெல்டிங் செய்கிறோம் என்று டிரைவர்கள் ஊர் முழுக்கச் சொல்கிறார்கள், இனி யார் வண்டி கொண்டுவருவார்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். வேலை போனது. வேலையோடு பின்னால் இருந்த அறையும் போனது. பாஸ் முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு பையோடு நடந்தார். பஸ் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"பாஸ், நான் வேணுமின்னு..."

"வேணுமின்னுதான் செஞ்ச. பையக் குடு."

நமுனுகுலப் பக்கம், மேரி இருந்த அதே தோட்டத்தில்தான் அவருடைய தங்கச்சி இருந்தார். தங்கச்சியின் லயத்தில் ஒரு மூலையில் போய் இருந்தார் பாஸ். ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் தோட்டம் கரவனை மூன்று தடவை நகர்த்தச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் அந்தோனியை உள்ளே கட்டிலோடு சேர்த்துக் கட்டி, ட்ராக்டர் முன்னால் இழுக்க, பாஸ் பின்னால் நடப்பாராம். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அடியில் கையை விட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாராம். மேரி எனக்குச் சொல்லவில்லை. ட்ராக்டர்காரர் சொன்னார்.

நான் நாலைந்து தடவை போய்ப் பார்த்தேன். வெற்றிலை, பிஸ்கட் கொண்டுபோவேன். கேலி பேசுவேன். வேறு எதுவும் பேச எனக்குத் தெரியாது. கடைசியாகப் போனபோது அவர் கண்ணைப் புரை முழுவதும் மூடியிருந்தது. என் குரலைக் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

"வந்துட்டியா? ஒனக்குக் கண்ணு நல்லாத்தான்டா இருக்கு. வாய்தான் ரெண்டு நாள் லேட்டு."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மன்னித்துச் சொன்னதா, மன்னிக்காமல் சொன்னதா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். பாஸ் வார்த்தையைப் பாலிஷ் போட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை. சொன்னதுதான் அர்த்தம்.

காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த வாரம் மறுபடியும் மழை. தங்கச்சி இருந்த லயத்திலும் சிவப்பு நோட்டீஸ் ஒட்டி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிரேதத்தைக் கிடத்தப் பத்தடி காய்ந்த இடம் இல்லை. மேரிதான் தன் கரவனைத் திறந்துவிட்டார். அந்தோனியின் கட்டிலை ஓரமாகத் தள்ளி, நடுவில் பெட்டியை வைத்தார்கள். நான் போனபோது அந்தோனி படுத்தபடியே பெட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி உள்ளேயே நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். பெட்டியையும் கட்டிலையும் தவிர இருபத்தொரு பேர். கதவு மூடித் திறந்தது.

கணக்கப்பிள்ளையும் குடையோடு வந்தார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு நிமிடம் நின்றார். போகும்போது மேரியிடம் சொன்னார், "பொணத்த எடுத்ததும் வண்டிய அந்தப் பக்கம் தள்ளிருங்க. நாளைக்கு இங்க கன்னு நடுறாங்க."

"சரிங்க," என்றார் மேரி.

நான் வெளியே போய் கரவனுக்கு அடியில் குனிந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடு இரண்டும் அப்படியே இருந்தன. துணியால் துடைத்துச் சுற்றிலும் விரலால் தடவினேன். ஒரு மயிர்க்கோடு இல்லை. மேலே அத்தனை பேர் பாரத்தோடு அவரும் இருந்தார். எழுந்து வந்து மேரியிடம் சொன்னேன்.

"மேரி, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு."

"இப்ப பாத்தீங்களா?"

"இப்பத்தான் பாத்தேன்."

"பாத்த ஒடனே சொல்லிட்டீங்க," என்றார். பிறகு உள்ளே போய் எனக்கும் ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்தார்.

பாஸ், நீங்கள் யாரிடமும் போய் வருகிறேன் என்று சொன்னதில்லை. வேலை முடிந்ததும் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டுப் போவீர்கள். அப்படியே போங்கள். அந்தோனி இன்றைக்கும் உள்ளே படுத்திருக்கிறார். கீழே நீங்கள் இருக்கிறீர்கள்.

தப்பு அடிக்க ஆரம்பித்ததும் பெட்டியைத் தூக்கினோம். முன்னால் இடது பக்கம் நான். கரவனின் கதவுக்குக் கீழே இறங்குவதற்கு ஒரு இரும்புப் படி இருந்தது. நான் கால் வைத்ததும் அது கழன்று விழுந்தது. பெட்டியை மற்ற ஐந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் வேட்டியோடு மழைத் தண்ணீர் ஓடிய கானுக்குள் உட்கார்ந்தேன். படியை எடுத்துப் பார்த்தேன். அதை மட்டும் பாஸ் கராஜை விட்டுப் போன பிறகு நான் வெல்டிங் செய்திருந்தேன்.